வடகரையா தென்கரையா? மதுரைக்குக் குடிவரும் இளம் தம்பதிக்கு ஒரு வீட்டுக் கணக்கு

மதுரையில் குடித்தனம் வைக்கப்போகிற புது ஜோடிகள் தெரிந்தவர்களிடம் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வாடகை குறைவு?" என்பதுதான். என்னிடம் அப்படிக் கேட்டால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை வைகையைத் தாண்ட வேண்டியிருக்கும்? வாடகை ஆயிரம் இரண்டாயிரம் கூடினால் வேறு செலவில் பிடித்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற நேரத்தை எதிலும் பிடிக்க முடியாது.

ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாள் குறைவுதான். ஆனாலும் ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது அதுதான். தென்கரையில் மீனாட்சி கோயில், அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி, ரயில்வே ஜங்ஷன், பெரியார் பேருந்து நிலையம். அங்கிருந்து மேற்கே காளவாசல், எஸ்.எஸ்.காலனி, பொன்மேனி. தெற்கே பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர். வடகரையில் தல்லாகுளம், அரசு ராஜாஜி மருத்துவமனை, கலெக்டர் அலுவலகம், அண்ணா நகர், கே.கே.நகர், மாட்டுத்தாவணி. இன்னும் போனால் யானைமலை, ஒத்தக்கடை, 2004-இல் வந்த உயர் நீதிமன்றக் கிளை. 1889-இல் திறந்த ஏ.வி. பாலத்துக்குப் பிறகு எத்தனையோ பாலம் கட்டிவிட்டார்கள். இருந்தும் வண்டியெல்லாம் சிம்மக்கல்லுக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவில்தான் வந்து சேருகிறது.

வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். மதுரையில் வெளியூர் பஸ் ஒரே இடத்தில் கிடைக்காது. சென்னை, திருச்சி, ராமேஸ்வரம், திருநெல்வேலி, நாகர்கோவில் எல்லாம் மாட்டுத்தாவணியில். தேனி, திண்டுக்கல், கோவை, ஈரோடு, சேலம் என்றால் ஆரப்பாளையம். இரண்டு பேருடைய சொந்த ஊரும் எந்தப் பக்கம் என்பதை வைத்தும் கரை மாறும். மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போகாமல் முதல் வருஷத்தை ஓட்டுகிற ஜோடியை நான் பார்த்ததில்லை. தலைதீபாவளி, தலைப்பொங்கல் என்று ஆரம்பித்தால் அதற்கே ஒரு கணக்கு.

என் அக்கா மகளும் அவள் வீட்டுக்காரரும் போன வருஷம் இங்கே குடிவந்தார்கள். அவள் உயர் நீதிமன்றக் கிளையில் ஜூனியர் வக்கீல். அவர் வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் வேலை. மதுரையை அறிந்தவர்களுக்கு இதைப் படித்ததுமே சிரிப்பு வரும். ஒருவர் கிழக்கு மூலையில், ஒருவர் மேற்கு மூலையில். நீதிமன்றம் மேலூர் சாலையில், வடபழஞ்சி தேனி சாலையில் காமராசர் பல்கலைக்கழகத்தையும் தாண்டி. எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒருவராவது ஊரைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இதைவிடச் சிக்கலான கேஸ் கிடைக்காது என்பதால் இவர்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கிலோமீட்டர் கணக்குப் போட்டோம். காளவாசல் பக்கம் வீடு என்றால் வடபழஞ்சிக்குச் சுமார் 12 கி.மீ., நீதிமன்றத்துக்குச் சுமார் 14. அண்ணா நகர் என்றால் நீதிமன்றம் 8, வடபழஞ்சி 20. கூட்டிப் பார்த்தால் 26-க்கு 28, காளவாசல் கொஞ்சம் லாபம். ஆனால் அவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அவளுக்கு ஐந்து நாளும் கோர்ட். போக வர என்று வாரத்துக்குப் பெருக்கினால் காளவாசல் 212 கி.மீ., அண்ணா நகர் 200 கி.மீ. மேலே இருந்தது கீழே வந்துவிட்டது. தினசரித் தூரத்தைப் பார்க்காமல் வாரத்துக்கு எத்தனை நடை என்று பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். வித்தியாசம் 12 கி.மீ. மட்டுமே என்பதால், முடிவைத் தூரத்திடம் விடவும் முடியாது. அது வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்ரோல் கணக்கையும் போட்டுவிடலாம். ஒருவர் தினமும் போக வர 20 கி.மீ. கூடுதலாக ஓட்டுகிறார், மாதம் 26 நாள் என்றால் 520 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கிற ஸ்கூட்டியில் பதினொன்றரை லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,150 ரூபாய். ஊருக்கு வெளியே வாடகை இரண்டாயிரம் குறைவு என்று போகிறவர்கள், இரண்டு பேரும் தனித்தனி வண்டியில் போவதாக இருந்தால், அந்த இரண்டாயிரத்தைப் பெட்ரோல் பங்கில்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சர்வீஸ், டயர், முதுகுவலி தனி. வீட்டுக்காரம்மா பஸ்ஸில் போகிறவர் என்றால் கணக்கு வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த பஸ் அடிக்கடி வருகிற ரோட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு கிடைத்தால் மாதச் செலவில் நன்றாகவே தெரியும்.

கோட்டைக்குள்ளே

வெளி வீதிகளுக்கு உள்ளே குடியிருப்பதை இன்னும் சிலர் இப்படித்தான் சொல்கிறார்கள். கோட்டை போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. புது ஜோடிக்கு இதன் மேல் ஒரு ஆசை வரும். விடிகாலையில் கோயில் மணி, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சூடாக இட்லி, மாதச் சாமான் கீழமாசி வீதியில் மொத்தக்கடை விலையில், நகை என்றால் தெற்காவணி மூல வீதி, துணி என்றால் விளக்குத்தூண். ஜங்ஷனுக்கு நடந்தே போய்விடலாம்.

ஆசை வரை சரி. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால் இங்கே புது அபார்ட்மெண்ட் எதிர்பார்க்க முடியாது. கிடைப்பது பழைய வீட்டின் மாடிப்போர்ஷன், செங்குத்தான படி, பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிய சுவர். பைக் நிறுத்துவதே பாடு, கார் பேச்சே வேண்டாம். பீரோ கட்டிலை ஏற்ற முடியுமா என்று முதலில் படியை அளந்து பாருங்கள், சீர் சாமானோடு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவருக்குக் கடைத்தெருவிலோ பாங்கிலோ வேலை, இன்னொருவர் ரயிலில் திண்டுக்கல் விருதுநகர் என்று போய் வருகிறவர் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அனுபவித்துவிட்டு வரலாம்.

எஸ்.எஸ்.காலனி, பொன்மேனி, காளவாசல்

தென்கரையில் குடும்பஸ்தர்கள் விரும்பிப் போகிற பகுதி இது. பைபாஸ் ரோட்டில் இறங்கினால் இல்லாதது இல்லை. சூப்பர் மார்க்கெட், கிளினிக், ஓட்டல், பிள்ளைகளுக்கு டியூஷன் வரை. பெரியாரும் ஆரப்பாளையமும் பக்கம். கொஞ்சம் தெற்கே போனால் பழங்காநத்தம் உழவர் சந்தை. தேனிக்காரர்களுக்கும் போடிக்காரர்களுக்கும் ஊருக்குப் போக இதைவிட வசதி கிடையாது. உள்தெருக்கள் அமைதி. மெயின் ரோட்டை ஒட்டிய வீடு மட்டும் வேண்டாம். ராத்திரி முழுக்க வண்டிச் சத்தம், ஜன்னல் கம்பியில் தினமும் ஒரு விரல் தூசி.

இங்கே வீடு தேடும்போது சைவமா அசைவமா என்ற கேள்வி சீக்கிரமே வரும். முட்டை கூடக் கூடாது என்கிற வீடுகள் உண்டு. மதுரையில் வந்து ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு அடுத்த தெருவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்றால் என்ன குடித்தனம் அது? முதல் மாதம் ஒப்புக்கொண்டு மூன்றாவது மாதம் குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே மறைத்துச் சமைக்கிற ஜோடிகள் எனக்குத் தெரியும். அதற்கு முதலிலேயே வேறு வீடு பார்ப்பது மரியாதை.

அண்ணா நகர், கே.கே.நகர்

வடகரையில் வாடகை அதிகம் கேட்கிற இடம். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. மருத்துவமனைகள் வரிசையாக இருக்கின்றன. 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதான் வளர்ந்து நிற்கிறது. கலெக்டர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் பக்கம். மாட்டுத்தாவணி கூப்பிடு தூரம். இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலை என்றால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியதும் அண்ணா நகரில்தான். விடிகாலை ஆறு மணிக்குப் போனால் கீரை ஈரத்தோடு கிடைக்கும். எட்டு மணிக்குப் போனால் மிச்சம்தான். சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிற ஜோடிக்கு அங்கே காய் விற்கிற அக்காக்கள் இலவசமாகவே பாடம் எடுப்பார்கள். "பாப்பா, அந்தக் கத்தரிக்காய எடுக்காத, புளிக்குழம்புக்கு இத எடு" என்று.

குறை என்ன என்றால், மழை. வண்டியூர் கண்மாயை ஒட்டி இறங்கிப்போகிற தெருக்களில் தரைத்தள வீடு வேண்டாம். 2024 அக்டோபரில் அரை நாள் பெய்த மழைக்குச் செல்லூர் பக்கம் தெருத் தெருவாகத் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. வடகரையில் கண்மாய் எங்கே இருக்கிறது, அது நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. தெருமுனை டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். புரோக்கர் சொல்ல மாட்டார்.

ஐயர் பங்களா, நாராயணபுரம், ஊமச்சிகுளம்

நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் 2023-இல் திறந்தது. அதே வருஷம் ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் புது நத்தம் சாலையில் வந்தது. அதிலிருந்து அந்தப் பக்கம் வீட்டு விளம்பரங்கள் எல்லாம் "பாலம் வழியாகப் பத்தே நிமிடம்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. பாலத்தில் பத்து நிமிடம், உண்மைதான். அதில் ஏறுகிற இடத்துக்கும் இறங்குகிற இடத்துக்கும் ஆகிற நேரத்தை விளம்பரத்தில் போடுவதில்லை.

இங்கே கிடைப்பது புது வீடு, அகலமான தெரு, காற்று. வீட்டில் ஒரு கார், இரண்டு பேருக்கும் வண்டி ஓட்டத் தெரியும் என்றால் நல்ல பேரம். ஆனால் ஒருவர் வேலைக்குப் போய், இன்னொருவர் புது ஊரில் பகல் முழுக்கத் தனியாக இருக்கப்போகிறார் என்றால் ஊமச்சிகுளம் போன்ற இடத்தை முதல் வருஷத்துக்கு நான் வேண்டாம் என்பேன். பக்கத்துப் பிளாட் காலி, அதற்கடுத்த பிளாட்டில் கருவேலம், பால்காரரைத் தவிரப் பேச ஆள் இல்லை. தனிமையைப் பற்றி வீடு பார்க்கும்போது யாரும் பேசுவதில்லை. வாடகைக் குறைவில் மயங்கிப் போய் ஆறே மாதத்தில் சாமானைக் கட்டிக்கொண்டு உள்ளே திரும்புகிறவர்கள் அநேகமாக இந்தக் காரணத்தால்தான் திரும்புகிறார்கள். பிள்ளை குட்டி ஆனபிறகு, சொந்தமாக இடம் வாங்குகிற யோசனையோடு போனால் அது வேறு.

திருப்பரங்குன்றம், திருநகர்

கப்பலூர் சிட்கோவிலோ திருமங்கலத்திலோ வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் இடம். திருநகரில் விலாசமே பஸ் ஸ்டாப்பை வைத்துத்தான்: இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் என்று. பழைய வீடுகள், வாசலில் வேப்பமரம், சாயங்காலம் திண்ணையில் பெரியவர்கள். எங்கேயாவது பெரியம்மா பெரியப்பா கண்பார்வையில் இருந்தால் நல்லது என்று நினைக்கிற பெண் வீட்டாருக்கு ரொம்பப் பிடிக்கும். ஜோடிக்குப் பிடிக்குமா என்பது அந்தக் கண்பார்வை எவ்வளவு தூரம் வருகிறது என்பதைப் பொறுத்தது.

முருகன் தெய்வானையைக் கல்யாணம் செய்துகொண்ட இடம் என்பதால் முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் சாலை கல்யாண வண்டிகளால் நிரம்பிவிடும். பௌர்ணமிக்குக் கிரிவலம். காலண்டரைப் பார்த்துத்தான் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். தோப்பூரில் 2019-இல் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியதில் இருந்து இந்தப் பக்கம் மனை விலை பேசுகிற தொனியே மாறிவிட்டது, ஆனால் வாடகைக்கு வருகிறவர்களுக்கு அது சம்பந்தமில்லாத பேச்சு. அதேபோல்தான் திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை 32 கி.மீ. மெட்ரோ என்ற பேச்சும். ஓனர் "நாளைக்கே மெட்ரோ வந்துரும் தம்பி" என்று வாடகையைக் கூட்டினால், வந்ததும் கூட்டித் தருகிறோம் என்று சொல்லுங்கள்.

ஏரியாவைப் பற்றிய பேச்சு இவ்வளவு போதும். சித்திரைத் திருவிழாவை மட்டும் சொல்லாமல் விட முடியாது. மாசி வீதியில் தேர் வருகிற நாளில் கோட்டைக்குள்ளே வண்டி அசையாது. அழகர் வருகிற நாளில் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியெல்லாம் எதிர்சேவைக்கு நிற்கிற கூட்டம், ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையம் பக்கம் நடக்கவே இடம் இருக்காது. இது அசௌகரியமா பாக்கியமா என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம்: அழகர்கோவில் ரோட்டையோ தல்லாகுளத்தையோ ஒட்டி வீடு எடுத்தால், சித்திரையில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் உங்கள் வீட்டில்தான் தங்கும். பாய், தலையணை, பெரிய சாம்பார் குண்டா இவற்றைச் சீர் லிஸ்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி வீட்டுக்குள் வரலாம். ஏரியாவைவிட இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

மதுரையில் வீடு என்றால் தண்ணீர்தான். "தண்ணி பிரச்சினையே இல்ல சார்" என்ற வாக்கியத்தை ஓனர், புரோக்கர், வாட்ச்மேன் மூவரும் ஒரே ராகத்தில் சொல்வார்கள். பிரச்சினை இல்லாத தண்ணீர் போர் தண்ணீராக இருக்கும். கார்ப்பரேஷன் குழாயில் நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்துக்கு வருகிறது, அது சம்ப்பில் விழுகிறதா அல்லது தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடிக்க வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதையும் ஓனரிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கிற அக்காவிடம் கேளுங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் வந்தால் யார் பிடிப்பது? போர் தண்ணீர் எப்படி என்று பார்க்க ஒரு துண்டு சோப்பு போதும். பாத்ரூம் குழாயில் கை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் திரிதிரியாகப் போனால் உப்பு அதிகம். குழாய் மூக்கில் வெள்ளையாகப் படிந்திருப்பதும் அதுதான். வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சீக்கிரம் போய்விடும், தலைமுடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லோயர் கேம்ப்பில் இருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குழாயில் மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால், இந்தத் தெருவில் இணைப்பு கொடுத்து மீட்டர் வைத்தாயிற்றா, தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்தது வெயில். கார்த்திகையில் வீடு பார்த்து மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற போர்ஷனைப் பிடித்தவர்கள் சித்திரையில்தான் விழிப்பார்கள். பகல் முழுக்கக் குடித்த வெயிலை மேல்தளம் ராத்திரி இரண்டு மணி வரை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. போட்டால் கரண்ட் பில். நடுமாடி வீடு கிடைத்தால் கொஞ்சம் வாடகை கூடினாலும் எடுக்கலாம். மேற்குப் பார்த்த படுக்கையறை வேண்டாம். வீட்டை மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். புரோக்கர் காலையில்தான் கூப்பிடுவார்.

கரண்ட் விஷயத்தில் ஒரே கேள்வி: உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஒரேயடியாக ஏறும். ஓனரும் நீங்களும் ஒரே இணைப்பில் சப் மீட்டர் போட்டு ஓடினால் இலவசம் அவருக்கு, ஏறிய கட்டணம் உங்களுக்கு. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் விலை.

அப்புறம் அந்தக் கேள்வி. "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" என்று சுற்றி வந்து கடைசியில் "நீங்க என்ன ஆளுக?" என்று நிற்கும். எல்லா ஏரியாவிலும் கேட்கிறார்கள். படித்த ஏரியா, படிக்காத ஏரியா வித்தியாசம் இல்லை. கலப்புத் திருமணம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு வாடகை, தண்ணீரைவிட இதுதான் பெரிய சுவர். நான் பார்த்தவரை, ஓனர் கீழேயே குடியிருக்கிற தனி வீட்டைவிட, ஓனர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிற அபார்ட்மெண்ட் வீட்டில் இந்தக் கேள்வி குறைவு. அவருக்கு ஒன்றாம் தேதி பணம் வந்தால் சரி. மாடியில் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற விசாரணையும் இருக்காது. பதிலுக்கு, குழாய் உடைந்தால் ஆள் கூப்பிடுவது நீங்கள்தான், மாதம் மெயின்டெனன்ஸ் தனி. ஓனர் கீழே இருந்தால் ராத்திரி காய்ச்சல் வந்தாலும் கதவைத் தட்ட ஒரு ஆள் இருக்கும், அதையும் குறைத்துச் சொல்ல முடியாது.

அக்கா மகள் விஷயத்தில் முடிவு எங்கே இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன் என்றேனே, அது ராத்திரியில் இருந்தது. கோர்ட் முடிந்ததும் அவள் நாள் முடிவதில்லை. சாயங்காலம் சீனியர் ஆபீஸ் போக வேண்டும், அது கே.கே.நகரில். அங்கிருந்து எட்டரைக்கு விடுவார்களா ஒன்பதரைக்கு விடுவார்களா என்று சீனியருக்கே தெரியாது. அவள் வீட்டுக்காரருக்கோ ஷிப்ட் முடிகிற நேரம் தெரியும், தேனி ரோட்டில் நேராக வந்துவிடலாம். எவருடைய சாயங்காலம் அவர் கையில் இல்லையோ அவருக்குப் பக்கத்தில் வீடு எடுங்கள் என்று சொன்னேன். அண்ணா நகரில் நடுமாடி, ஓனர் வெளியூரில், தனி இணைப்பு. காளவாசலில் பார்த்த வீட்டைவிட வாடகை கூடத்தான். மாப்பிள்ளைக்கு முதலில் முகம் சுண்டியது. வாரம் மூன்று நாள் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியது அவர்தானே. இப்போது அவர் கோரிப்பாளையம் நெரிசலுக்கு முன்னாலேயே ஏழே காலுக்குக் கிளம்பிவிடுகிறார், வழியில் டிபன். இரண்டு பேருக்கும் வேலை கிழக்கே என்றால் இதே அண்ணா நகர்தான், இரண்டு பேருக்கும் மேற்கே என்றால் எஸ்.எஸ்.காலனி. அதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

பேரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நடப்பில் ஐந்து மாதம், ஆறு மாதம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது. ஆனால் சட்டம் தெரியும் என்று காட்டிவிட்டுக் குறைக்கச் சொன்னால் ஒரு மாதமாவது குறையும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. காலி செய்யும்போது பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். அட்வான்ஸில் பாதி போவது அங்கேதான். கேஸ் இணைப்பு மாற்றவும் புது ரேஷன் கார்டு போடவும் இந்தக் காகிதம் கையில் இருந்தால் நல்லது.

நேரமும் முக்கியம். தை பிறந்ததும், ஆவணியிலும் எல்லோரும் வீடு தேடுவார்கள். அப்போது ஓனர் சொன்னதே விலை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் டூ-லெட் போர்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மாதத்தில் போய்ப் பேசுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக்கொள்கிறோம், அதுவரை வாடகை வேண்டாம் என்று கேட்டால் பல ஓனர்கள் சம்மதிப்பார்கள், வீடு பூட்டிக் கிடப்பதற்கு இது தேவலை. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, வேலையில் சேர வேண்டும் என்றால் ஆடிப் பதினெட்டு இருக்கிறது. அன்றைக்குச் சாமான் இறக்கினால் மாமியார் வீட்டிலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.